பிக்கப் வாங்குமுன் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை நெருங்கும்போது உங்கள் வாகன விளம்பரப் பக்கங்களில் பிக்கப் ட்ரக்குகளும் பயண ட்ரெயிலர்களும் அருகருகே வருகின்றன. ட்ரக் விளம்பரத்தில் ‘11,000 இறாத்தல் இழுக்கும்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ட்ரெயிலர் விளம்பரத்தில் ‘வெறும் 5,200 இறாத்தல்தான்’ என்று இருக்கும். பாதிகூட இல்லையே என்று நம்பி இரண்டையும் வாங்குகிறார்கள். அல்கோன்குயின் பூங்காவுக்கோ சாண்ட்பாங்ஸ் பூங்காவுக்கோ புறப்படும் நாளில் ட்ரக்கின் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்க, 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். இரண்டு விளம்பரங்களிலும் பொய் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்த ட்ரக் போதுமா என்பதைச் சொல்லும் எண் அந்த இரண்டிலும் இல்லை.

அந்த எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும். கதவு வந்து பூட்டும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். ரயர் அளவு, காற்றழுத்தம் ஆகியவற்றோடு, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை இறாத்தலுக்கு மேற்படக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேலோட் என்பது இதுதான். மாடலுக்கு எல்லாம் பொதுவாகச் சொல்லும் எண் அல்ல இது, தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த ஒரு வண்டிக்கே உரியது. விற்பனையகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எஃப்-150களுக்கு இடையே, அல்லது இரண்டு ராம் 1500களுக்கு இடையே, சில நூறு இறாத்தல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். கண்ணாடிக் கூரை, நான்கு சில்லுகளையும் எஞ்சின் இயக்கும் வசதி (4x4), பெரிய சில்லுகள், தானாக இறங்கும் படி என்று கூடுதலாகப் பூட்டிய ஒவ்வொன்றின் எடையும் இதிலிருந்துதான் கழிகிறது. ஆகவே விலை கூடின வண்டிக்கு, அநேகமாக, பேலோட் குறைவு. இது தெரியாமல் ‘நல்லதாகவே எடுப்போம்’ என்று உயர்ந்த ரகத்தை எடுப்பவர்கள் இழுவைக்குத் தகாத வண்டியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று பெரிய நிறுவனங்கள் வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் (எஸ்.ஏ.ஈ.) ஜே2807 என்ற தரப்படி சோதிக்கின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் 11.4 மைல் நீளமான ஏற்றம் ஒன்று இருக்கிறது. 100 பாகை பரனைட் வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் அதில் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ட்ரக்கில் இருப்பதாகக் கணக்கிடுவது தலா 150 இறாத்தல் உள்ள இரண்டு பேரை மட்டுமே. பிள்ளைகள், அம்மம்மா, பெட்டி நிறையச் சாமான் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது அந்த எண். பின் அச்சும் ரயரும் எவ்வளவு தாங்கும் என்பது வேறு எண். எமது குடும்பங்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ட்ரெயிலரின் முன்முனை ட்ரக்கின் கொக்கியில் அழுத்தும் எடையை ‘டங் வெயிற்’ என்பார்கள். ட்ரெயிலரின் மொத்த எடையில் அது 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெயிலர் ஆடத் தொடங்கும். கணக்குக்கு 13 வீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்த எடை முழுவதும் பேலோட்டில் சேரும்.

இப்போது அந்த 5,200 இறாத்தல் ட்ரெயிலரையே எடுத்துக்கொள்வோம். அது வெறும் கூட்டின் எடை. நிரப்பிய எரிவாயுச் சிலிண்டர்கள் இரண்டுக்கு ஏறத்தாழ 75, பற்றரிக்கு 50. நன்னீர்த் தொட்டி 40 அமெரிக்க கலன், அதாவது 151 லீற்றர், என்றால் தண்ணீர் மட்டும் 334 இறாத்தல். சட்டி பானை, அரிசி மூட்டை, குக்கர், படுக்கை, உடுப்பு, கதிரை, குழாய், கேபிள் எல்லாம் சேர்த்து 800 என்பது எமது சமையலுக்கு அதிகமே அல்ல. கூட்டிப் பார்த்தால் 6,459. அதில் 13 வீதம் 840 இறாத்தல். விற்பனைத் தாளில் டங் வெயிற் 500 சொச்சம் என்று போட்டிருப்பார்கள். அதுவும் வெறுங்கூட்டுக்கான எண்தான்.

ட்ரக்கின் பக்கம் வருவோம். ஒட்டுத்தாளில் 1,500 என்று இருக்கிறது. அப்பா 180, அம்மா 150, அம்மம்மா 130, பிள்ளைகள் இருவர் 110, 80. மொத்தம் 650. பின் பெட்டியில் ஜெனரேற்றர், ஐஸ் பெட்டி, விறகு என்று 200. பெட்டி மூடி 50. எடை பகிரும் ஹிட்ச், அதாவது ட்ரெயிலரை ட்ரக்கோடு இணைக்கும் கருவி, 90. இவ்வளவிலேயே 990 ஆகிவிட்டது. இதோடு 840ஐயும் சேர்த்தால் 1,830. 11,000 இழுக்கும் என்ற ட்ரக், ஆறாயிரத்து சொச்சத்திலேயே 330 இறாத்தல் கூடுதலாகச் சுமக்கிறது. மிஞ்சிய 510ஐ 0.13ஆல் வகுத்தால், அந்தக் குடும்பத்தோடும் அந்தச் சாமானோடும் அது இழுக்கத் தக்க ட்ரெயிலர் 3,900 இறாத்தல்தான்.

எடை பகிரும் ஹிட்ச் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அந்த ஹிட்ச் அவசியம்தான். பின் அச்சில் விழுந்த சுமையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும், சிறு பங்கை ட்ரெயிலரின் அச்சுக்கும் அது தள்ளும். முன்சில்லுகள் மீண்டும் தரையைப் பிடிப்பதால் ஸ்டியரிங்கும் முன் பிறேக்கும் தம் வேலையைச் செய்யும். ஆனால் கதவில் எழுதிய எண்ணை அது ஒரு இறாத்தல்கூட உயர்த்தாது. பின்னால் காற்றுப் பை பூட்டுவதும் அப்படித்தான். தாழ்ந்த பின்புறம் நிமிர்ந்து நிற்கும், சுமை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ட்ரெயிலரைத் தீர்மானியுங்கள். அதன் பக்கச் சுவரில், முன்மூலையில், உச்ச எடை எழுதிய தகடு இருக்கும். 7,000 என்று இருந்தால் அதில் 13 வீதம் 910. குடும்பம் 650, ஹிட்ச் 90, பெட்டியில் 150. மொத்தம் 1,800. கதவில் 1,800க்குக் குறைந்த எண் உள்ள எந்த ட்ரக்கையும் அந்த ட்ரெயிலருக்காகப் பார்க்க வேண்டாம். அரை ரன், அதாவது எஃப்-150 அல்லது 1500 வரிசை, ட்ரக்குகளில் 1,800 கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். அதிக அலங்காரம் இல்லாத ரகம், இழுவைப் பொதி சேர்த்துத் தொழிற்சாலையிலேயே பூட்டியது என்று கேளுங்கள். 7,500க்கு மேல் போகும் ட்ரெயிலர் என்றால் முக்கால் ரன், அதாவது எஃப்-250 அல்லது 2500 வரிசை, எடுப்பதே எமது கருத்தில் சரி. அதிலும் பெற்றோல் எஞ்சினைப் பாருங்கள். டீசல் எஞ்சின் பாரமானது. வண்டியின் உச்ச எடை பெரும்பாலும் 10,000 இறாத்தலோடு நிறுத்தப்படுவதால், வசதிகள் நிறைந்த டீசல் 2500 ஒன்றின் பேலோட் 2,000க்குக் கிட்டவே வந்து நின்றுவிடும்.

எம்மவர் வீடுகளில் நிறைய நிற்கும் சியென்னா வான் 3,500 இறாத்தல் வரை இழுக்கும். கூடாரம் போல விரியும் சிறு ட்ரெயிலருக்கு அது போதும், ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு அல்ல. 5,000 என்று சொல்லும் எஸ்.யூ.வி.களுக்கும் இதே கணக்குத்தான். மின்சார பிக்கப்புகளுக்கு இழுவைச் சக்தி தாராளம். ஆனால் உயரமான ட்ரெயிலரைக் கட்டினால் ஓடும் தூரம் பாதியளவுக்கு விழும்.

பேலோட் சரி என்றான பிறகு பார்க்க வேண்டியவை சில. வண்டியின் அடியில் ஹிட்சைச் செருகும் றிசீவர்க் குழாயில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, அதோடு எவ்வளவு என இரண்டு எண்கள் அதில் இருக்கும். முதலாவது பல வண்டிகளில் 5,000, டங் வெயிற் 500 என்றே நிற்கும். பின் அச்சு விகிதமும், அதாவது சில்லு ஒரு தடவை சுற்ற இயக்கத் தண்டு எத்தனை தடவை சுற்றும் என்ற எண்ணும், முக்கியம். ராம் 1500இல் 3.21, 3.55, 3.92 என்று வரும். 3.21 பெற்றோல் மிச்சம் பிடிக்க நல்லது, இழுவைக்கு 3.92. எஃப்-150இல் 3.55க்குக் குறையாமல் பாருங்கள். கையேட்டின் இழுவைப் பகுதியில் ட்ரெயிலரின் முன்முகப் பரப்புக்கு ஒரு எல்லை போட்டிருக்கும், அதையும் வாசியுங்கள். 8 அடி அகலமும் தரையிலிருந்து 10, 11 அடி உயரமும் உள்ள பெட்டி காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. தட்டையான ட்ரெயிலரில் ஏற்றிய அதே எடையைவிட எஞ்சினுக்கு அது எவ்வளவோ பாரம். எதிர்க்காற்றில் 100 கி.மீ.க்கு 20 லீற்றரைத் தாண்டுவது வழமை.

ஏழு முனை மின்னிணைப்பும், ட்ரக்கிலேயே பூட்டிய ட்ரெயிலர் பிறேக் கட்டுப்படுத்தியும் இருக்க வேண்டும். வெற்றான வாகனத் தரிப்பிடத்தில் 30, 40 கி.மீ. வேகத்தில் போய், கட்டுப்படுத்தியின் கைவிசையை மட்டும் அழுத்திப் பாருங்கள். ட்ரெயிலர்ச் சில்லு இறுகிச் சறுக்கும் வரை அளவைக் கூட்டி, பிறகு சற்றே குறைத்து விடுங்கள். இதைச் செய்யாமல் தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே ஓடினால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு ட்ரக்கின் பிறேக்கில் விழலாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுதும் தெருவில் உப்புப் போடுகிறார்கள். அது றிசீவரையும், அது பூட்டியிருக்கும் சட்டத்தையும், பிறேக் குழாய்களையும் அரிக்கும். மேலே கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனமாக, வண்டியைத் தூக்கி, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்காக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

ட்ரெயிலர் ஆடுவதற்கு ட்ரக் மட்டும் காரணமல்ல. பின் பம்பரில் சைக்கிள்களைத் தொங்கவிடுவது, அச்சுக்குப் பின்னால் உள்ள நீர்த்தொட்டியை நிரப்புவது, பாரமான சாமானைப் பின்னறையில் அடுக்குவது எல்லாம் டங் வெயிற்றைக் குறைத்து ஆட்டத்தை வரவழைக்கும். ஆடத் தொடங்கினால் ட்ரக் பிறேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டியும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கட்டுப்படுத்தியின் கைவிசையால் ட்ரெயிலர் பிறேக்கை மட்டும் போடுங்கள். கட்டையான ட்ரக்குக்கு நீண்ட ட்ரெயிலர் பொருந்தாது. நான்கு கதவு எஃப்-150இலேயே ஐந்தரை அடிப் பெட்டி என்றால் முன் பின் சில்லுகளுக்கிடையே ஏறத்தாழ 145 அங்குலம், ஆறரை அடிப் பெட்டி என்றால் 157. தரிப்பிடத்தில் சிரமம் தரும் அந்த 12 அங்குலம் நெடுஞ்சாலையில், லொறி ஒன்று உரசிக்கொண்டு முந்தும்போது, உதவுகிறது.

கொக்கிக் குண்டின் அளவையும் சரிபாருங்கள். சிறிய ட்ரெயிலர்களுக்கு 2 அங்குலம், பெரியவற்றுக்கு 2 5/16 அங்குலம். பெரிய வாய்க்குள் சிறிய குண்டு போய் உட்காரும், பூட்டியது போலவே தெரியும், முதல் மேட்டில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளை அடியில் குறுக்காக இடுங்கள். ட்ரெயிலர் கழன்றால் அதன் பிறேக்கைத் தானாகப் போடும் கம்பியைச் சங்கிலியில் அல்ல, ட்ரக்கிலேயே தனியாக மாட்டுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், ஒன்ராறியோவில் சாதாரண ஜி அனுமதிப்பத்திரத்தோடு இழுக்கும் ட்ரெயிலர் 4,600 கிலோவுக்கும், ட்ரக்கும் ட்ரெயிலரும் சேர்ந்து 11,000 கிலோவுக்கும் மேற்படக்கூடாது. 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். ஓடும் ட்ரெயிலருக்குள் யாரும் இருக்கக்கூடாது, தூங்கும் பிள்ளைகளும்தான்.

முதல் பயணத்துக்குச் சாமான், தண்ணீர், குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையோர ட்ரக் நிலையம் ஒன்றின் எடைமேடையில் நிறுத்துங்கள். ட்ரெயிலரோடு ஒரு தடவை, ஹிட்சின் எடை பகிரும் கம்பிகளைத் தளர்த்தி ஒரு தடவை, ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. மூன்று சீட்டுகளையும் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு அச்சிலும் என்ன விழுகிறது, கம்பிகள் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கின்றன, டங் வெயிற் உண்மையில் எவ்வளவு என்பதெல்லாம் கூட்டல் கழித்தலில் வந்துவிடும். பின் அச்சின் எல்லையும் அதே கதவுத் தூணில் எழுதப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிக்கப் விளம்பரம் தருபவர்களிடம் இழுவை எண்ணோடு கதவிலுள்ள பேலோட் எண்ணையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். ஒரே ஒரு எண், அரை வரி இடம்கூடப் பிடிக்காது. அது வரும்வரை வாசகர்கள், விற்பவரைத் தொலைபேசியில் அழைத்ததும், வண்டியின் படத்துக்கு முன்பாக அந்த மஞ்சள் ஒட்டுத்தாளின் படத்தை அனுப்பும்படி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ட்ரெயிலர் இணைப்பு வேலை தெரிந்த வாசகர்கள்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.