வராதது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நடு ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உளுரு பாறை அந்தியில் நிறம் மாறுவதை அழகாகத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: "இங்குள்ள பழங்குடியினரிடம் பால்வினை நோய்கள் அதிகம், இலவசமாகப் பரிசோதனை செய்தாலும் அவர்கள் வருவதில்லை." நான்கு நாள் சுற்றுலா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இதைக் கண்டுபிடித்துவிட்டாராம். பதினொரு வருடம் அந்த ஊர்களில் நர்ஸாக இருந்த எனக்குத்தான் கண் தெரியாமல் போயிருக்கிறது.

வந்தார்கள் ஐயா. சிறுநீர்க் குப்பியைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். வராதது ரிசல்ட்தான். மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, குட்டி விமானம் வரும் நாளுக்குக் காத்திருந்து, நகரத்து லேபுக்கு அனுப்பி, தாள் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் அந்தப் பையன் சாவு வீட்டுக்கோ ஃபுட்பால் போட்டிக்கோ 300 கிலோமீட்டர் தாண்டிப் போயிருப்பான். கிளமிடியா என்கிற பால்வினை நோய் பெரும்பாலும் வலியோ எரிச்சலோ காட்டாது. உடம்பு நோகாதவன் எதற்குத் திரும்பி வருவான்? கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளை தங்காதபோதுதான் பல பெண்களுக்கு விஷயமே தெரியவரும். கிளினிக்கிலேயே 90 நிமிடத்தில் முடிவு சொல்லும் கருவியை 2013 முதல் 12 சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் மருந்து வாங்கியவர்கள் கணிசமாகக் கூடினார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம், ஆட்கள் நிறைந்த வராந்தாவில் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அந்த டெஸ்டுக்குத்தானே வந்தாய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் அண்ணன் தம்பிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "ஷேம்" (வெட்கக்கேடு) என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் அந்த ஊரில் இருந்தவரை அவள் கிளினிக் படி ஏறவில்லை. உங்கள் கட்டுரையாளர் கணக்கில் அவளும் 'வராதவள்'தான். ஆறு வாரத்துக்கு ஒரு புது ஏஜென்சி நர்ஸ், அதாவது தற்காலிக நர்ஸ், வருவார். ஒவ்வொருவரிடமும் அந்தரங்கத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் சொல்வார்களா?

பரிசோதனை என்ற சொல்லுக்கே அங்கே பழைய கணக்கு ஒன்று உண்டு. மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான கார்னர்வனில் ஒன்றரை வருடம் இருந்தேன். அந்தக் கரைக்கு எதிரே பெர்னியர், டோர் என்று இரண்டு தீவுகள். 1908 முதல் 1919 வரை, மேகநோய் இருப்பதாகச் சந்தேகப்பட்ட பழங்குடியினரைக் கழுத்தில் சங்கிலி பூட்டிக் கொண்டுபோய் அங்கே அடைத்தார்கள். நோயைக் 'கண்டுபிடித்தவர்' பல இடங்களில் போலீஸ்காரர்! நூற்றுக்கணக்கானோர் போனார்கள், பலர் திரும்பவில்லை. அதற்குப் பெயர் 'லாக் ஹாஸ்பிடல்'. நம் மதராஸிலும் அதே பெயரில் ஒன்று இருந்ததும், 1868-ஆம் வருடச் சட்டத்தைக் காட்டிப் பெண்களைக் கட்டாயமாகச் சோதித்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2007-இல் வட ஆட்புலத்துக்கு (நார்தர்ன் டெரிட்டரி) ராணுவத்தை அனுப்பி, பிள்ளைகளுக்குக் கட்டாய மருத்துவச் சோதனை என்று பிரதமர் ஹோவர்டின் அரசு அறிவித்தபோது (கட்டாயம் என்பதைப் பிறகு கைவிட்டார்கள்) கிழவிகள் ஏன் பதறினார்கள் என்று இப்போது புரிகிறதா?

சிபிலிஸ் என்கிற பால்வினை நோயின் கதை இன்னும் மோசம். 2011-இல் வடமேற்குக் குவீன்ஸ்லாந்தில் கிளம்பியது 2013-இல் வட ஆட்புலம், 2014-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியான கிம்பர்லி, 2016-இல் தென் ஆஸ்திரேலியா என்று நடந்தே போனது. விரலில் ஒரு குத்து, 15 நிமிடத்தில் விடை என்கிற சோதனையை மத்திய அரசு பெரிய அளவில் கொண்டுவந்தது 2018 ஆகஸ்டில். ஆரம்ப நிலையில் ஒரு வேளை பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய்க்கு ஏழு வருடம்! சிட்னியின் பணக்காரப் பேட்டைகளில் பரவியிருந்தால் ஏழு மாதம் பொறுத்திருப்பார்களா? அப்போது வராதது யார் என்று உங்கள் பயணியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் இதழில் இது முதல் முறையும் இல்லை. மூன்று வருடம் முன்பு ஒரு படத்துக்குக் கீழே "நாகரிகம் எட்டாத மக்கள்" என்று போட்டீர்கள். நான்கு பக்கம் எழுதினேன். 'அட்டைப்படம் அருமை' என்ற என் ஒரு வரியை மட்டும் பிரசுரித்த உங்கள் பெருந்தன்மையை மறக்கவில்லை. இங்கே தீபாவளி விருந்தில் நம் டாக்டர் வீட்டு அம்மா ஒருவர், "அவங்க ஊர்லயா வேலை? எப்பவும் கிளவுஸ் போட்டுக்குவீங்கதானே?" என்று கேட்டார். அவர் கையில் உங்கள் இதழ் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரிக்கு நேர் பக்கத்தில், கடை வாசலில் குழந்தையோடு நிற்கும் ஒரு இளம்பெண்ணின் படம். முகம் தெளிவாகத் தெரிகிறது. அவளைக் கேட்டா எடுத்தார்? அந்த நோய்க்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? இணையப் பதிப்பிலிருந்தாவது அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்