ஹெட் மேசைமேல் கிடந்த மூன்று வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கையெல்லாம் எந்நேரமும் கரியும் எண்ணெயுமாக இருந்ததால் தாளைத் தொடவில்லை. பழைய பைக்கின் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் தலைப்பகுதியை, கழற்றிவிட்டேன்.

போன வருடம் என் பின்னால் இருமிக்கொண்டே வந்தாயே, நினைவிருக்கிறதா? இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி இறங்குவேன், கீழே வந்து திருகியதும் குப்பென்று நீலப் புகை. நான் பிஸ்டன் ரிங் என்று நினைத்து மாற்றினேன். தண்டச் செலவு. ரிங் போயிருந்தால் வண்டி இழுக்கும்போதெல்லாம் புகைத்திருக்கும். மூடித் திறக்கும்போது மட்டும் புகைத்தால் முதலில் பார்க்கவேண்டியது இன்டேக் கைடு, அதாவது பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வின் தண்டு ஏறி இறங்கும் சிறு குழாய். த்ராட்டில் மூடியிருக்கையில் போர்ட்டில், அதாவது கலவை வரும் பாதையில், உண்டாகும் வெற்றிடம், தேய்ந்த கைடு வழியே எண்ணெயை உறிஞ்சிவிடுகிறது. இந்த எஞ்சினில் எண்ணெயைத் தடுக்கும் வால்வு சீலும் கிடையாது.

வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அசைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. புகை வெளியேறும் பக்கத்து எக்ஸாஸ்ட் கைடு இன்னும் மோசம், அதன் வாய் நீள்வட்டமாகவே ஆகியிருந்தது. வால்வை அமுக்கும் ராக்கர் நேராக அழுத்துவதில்லையே, வளைந்து வந்து ஒவ்வொரு தடவையும் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளுகிறது. அந்தத் திசையில்தான் தேய்மானம்.

உன் வண்டியில் அந்தக் காலத்தில் நாம் குளிர்ந்த ஹெட்டில் கைடைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினோமே, அந்தக் கூத்தை இந்த முறை செய்யவில்லை. அப்போது கைடு நுனியில் இருந்த கரியைச் சுரண்டாமலே அடித்தோம். அது ஹெட்டின் அலுமினியத்தைக் கீறிக்கொண்டே வெளியே வந்தது. இப்போது முதலில் கரியைச் சுத்தமாக எடுத்தேன். பிறகு ஹெட்டை ஓவனில் 150 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தேன். தீ கக்கும் டார்ச் வேண்டாம், ஒரே இடத்தில் சுட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். நுனி மட்டும் கைடுக்குள் நுழையும்படி படி வைத்துக் கடைந்த கம்பியை உள்ளே விட்டு நாலு தட்டு, பழைய வார்ப்பிரும்புக் கைடு இறங்கிவிட்டது. வார்ப்பிரும்பு அலுமினியத்தில் பாதி அளவுதான் விரியும், அதனால் சூட்டில் பிடி தளர்கிறது. (எண்ணெய் வாடையைப் பார்த்து, இனி அந்த ஓவன் எனக்கே என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.)

புதியவை வெண்கலம், ஹெட்டின் துளையைவிட 0.04 மில்லிமீட்டர் பெரியவை. ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். 14 மில்லி துளை அந்தச் சூட்டில் ஏறக்குறைய 0.04 விரிகிறது, கைடு 0.01 சுருங்குகிறது. கணக்குப்படி கையாலேயே இறங்கவேண்டும். இன்டேக் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. எக்ஸாஸ்ட்டை நேராகப் பிடித்திருக்கிறேனா என்று ஒரு நொடி யோசித்தேன், ஐந்து மில்லி பாக்கி இருக்கும்போது இறுகிவிட்டது! திரும்ப ஓவனில் வைத்தும் பலன் கம்மி. வெண்கலமும் சேர்ந்து விரிகிறதே. அடித்துத்தான் உட்கார வைத்தேன், வயிற்றைக் கலக்கியது.

இறுக்கத்தில் கைடின் உள்துளை சுருங்கிவிடும், அதனால் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போட்டே ஆகவேண்டும். இன்டேக் வால்வுத் தண்டு 7.95, எக்ஸாஸ்ட் 7.92. சூடு அதிகம் என்பதால் எக்ஸாஸ்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும். 8 மில்லி ரீமர் ஒன்றே இரண்டுக்கும் போதும். வெண்கலம் ரீமரைக் கவ்வும். எண்ணெய் விட்டுப் பொறுமையாக, வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே சுற்றவேண்டும்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து வால்வில் நீலச் சாயம் தடவி வைத்துப் பார்த்தேன். வால்வு அமரும் சீட்டில் பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தது. கைடு மாறினால் வால்வின் மையமும் இம்மி நகர்கிறது. அராவும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தே சிலர் சரிக்கட்டப் பார்ப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கைடுக்குள் மையம் பிடிக்கும் பைலட் கம்பியை விட்டு 45 டிகிரி கட்டரால் சீட்டைத் திரும்ப வெட்டினேன், பேஸ்ட் கடைசியில் பேருக்குத்தான். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்திருக்கிறேன். அரை மணி ஆகிறது, ஒரு சொட்டும் கசியவில்லை.

சரி, உன் ஹெட்டையும் திறக்கலாமா என்று கேட்டிருந்தாய். புகையே வரவில்லையே, எதற்குத் திறக்கிறாய்? பேசாமல் ஓட்டு.

அப்புறம், இந்த வேலைக்கென்று புது ரீமர் வாங்கினேன். மேசையைத் துடைக்கும்போதுதான் நினைவு வந்தது, என் பழைய 8 மில்லி ரீமர் உன்னிடம்தானே இருக்கிறது?

அன்புடன்,
உன் நண்பன்