பூஜ்யத்துக்கு முழு மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ கணிதத்தில், அளவோடு திசையும் கொண்ட வெக்டர்களைப் பற்றிய பாடம் வீண் சுமை என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாடத்தில் குறையில்லை, தேர்வில் அதைக் கேட்கும் விதத்தில்தான் குறை என்பது வண்ணாரப்பேட்டையில் டியூஷன் எடுக்கும் என் கருத்து.

(1,2,3), (4,5,6), (7,8,9) ஆகிய வெக்டர்கள் ஒரே தளத்தில் அமையுமா என்று கேட்டால், மாணவர்கள் அந்த ஒன்பது எண்களை மூன்று வரிசைகளாக அடுக்கிக் கணக்கிடும் அணிக்கோவையை அடித்தல் திருத்தலின்றி விரித்து, மதிப்பு பூஜ்யம், ஆகவே ஒரு தள வெக்டர்கள் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இரண்டாவதை இரண்டால் பெருக்கி முதலாவதைக் கழித்தால் மூன்றாவது அப்படியே வந்துவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதேயில்லை. வெக்டர்களை எண்களால் பெருக்கிக் கூட்டிப் பெறும் இதுவே நேரியல் சேர்வு. மூன்றாவது வெக்டர் புதிதாக எந்தத் திசையையும் தரவில்லை என்பதே அந்தப் பூஜ்யத்தின் பொருள்.

வட சென்னைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஜார்ஜ் டவுன் போதும். தம்பு செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் இணையாக வடக்கு தெற்காகச் செல்பவை. அந்த ஒரே திசையில் எத்தனை முறை முன்னும் பின்னும் நடந்தாலும் மேற்கேயுள்ள மின்ட் தெருவை எட்ட முடியாது. என்.எஸ்.சி. போஸ் சாலையின் கிழக்கு மேற்குத் திசையும் சேர்ந்தால்தான் எட்டலாம் (ஒருவழிப்பாதைகளைப் போக்குவரத்துக் காவலரிடம் விட்டுவிடுவோம்).

பயன் எங்கே என்று கேட்பவர்கள் கைப்பேசியைப் பார்க்கலாம். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் பரவலான முறை ஒன்றில், ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பின் அளவை 0.299ஆலும், பச்சையின் அளவை 0.587ஆலும், நீலத்தின் அளவை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். நம் கண்ணுக்குப் பச்சை மிகுந்த வெளிச்சமாகவும் நீலம் மங்கலாகவும் தெரிவதால்தான் இந்த ஏற்றத்தாழ்வு; மூன்று எண்களின் கூடுதல் 1 என்பதால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஜேபெக் (JPEG) கோப்புகளாகச் சேமிக்கப்படும் படங்களிலும் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சதுரமும் அலைபோல வெளிச்சம் ஏறி இறங்கும் 64 கொசைன் வடிவங்களின் நேரியல் சேர்வாக எழுதப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத வடிவங்களின் பெருக்கெண்களைத் தோராயமாக்குவதாலும் விட்டுவிடுவதாலுமே கோப்பு சிறிதாகிறது.

எனவே பொதுத்தேர்வில் ஒரு வினாவிலாவது, "இவ்வெக்டரை மற்ற இரண்டின் நேரியல் சேர்வாக எழுதுக, இயலாதெனில் காரணம் கூறுக" என்று கேட்குமாறு தேர்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். வினா மாறினால் கைடுகளும் டியூஷன்களும், என்னுடையது உட்பட, அடுத்த ஆண்டே மாறிவிடும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21