எல்லாம் முட்டு அல்ல

ஆசிரியருக்கு,

அப்பா நாற்பது ஆண்டுகள் சுருட்டுப் பிடித்தவர். இப்போது கிணற்றடியிலிருந்து திண்ணைக்கு வருவதற்குள் இரண்டு இடங்களில் நிற்கிறார். முழங்கால்களில் கைகளை ஊன்றி, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சு விடுகிறார். ஊரார் முட்டு, அதாவது ஆஸ்துமா என்றார்கள். நாங்களும் ஆடாதோடை அவித்துக் கொடுத்துக் காலத்தைக் கடத்தினோம்.

ஊதிப் பார்க்கும் சோதனையும் நெஞ்சுப் படமும் எடுத்த பிறகுதான் எம்பிசீமா என்று தெரிந்தது. சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, பல அறைகள் ஒன்றாகிப் பெரும் பொந்துகளாகின்றன. உள்ளே போன காற்று வெளியே வர மறுக்கிறது. சிதைந்தது மீள்வதில்லை. இன்ஹேலர் மூச்சை இலகுவாக்கும். புகையை விட்டால் சிதைவின் வேகம் குறையும். அப்பா விட்டுவிட்டார், பிந்தித்தான்.

சுருட்டு மட்டுமே காரணமல்ல. புகைபோக்கியில்லாத தகரக் கொட்டிலில் விறகு ஊதிச் சமைத்த பெண்களுக்கும் இது வரலாம். வன்னியில் அப்படிச் சமைக்காத தாய் யார்?

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எங்கள் சந்திக் கடையிலோ சீருடைப் பையனுக்கும் ஒற்றைச் சிகரெட் கிடைக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஒரு மாலையாவது அங்கே வந்து நிற்கட்டும்.

வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்