எந்த விதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாமஸ் வில்சன் கப்பல் மூழ்கிய கட்டுரை "அமைதியான ஏரியில் விதி விளையாடிவிட்டது" என்று முடிகிறது. முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பலில் உழைத்தவனுக்கு அந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1902 ஜூன் 7. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள துலூத் துறைமுகத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு கிளம்பிய வில்சனில் ஹாட்ச் மூடிகளை, அதாவது மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாய்களின் மூடிகளை, இன்னும் போடவில்லை. வெயில், அலையும் இல்லை. எதிரே வந்தது ஜார்ஜ் ஹாட்லி என்ற மரக்கப்பல். துலூத்தில் இடமில்லை, பக்கத்துத் துறைமுகமான சுப்பீரியருக்குப் போ என்று இழுவைப் படகு சொன்னதும், சங்கு கூட ஊதாமல் இடப்பக்கம் திரும்பி வில்சனின் விலாவில் மோதியது. எஃகுக் கப்பல் சில நிமிடங்களில் அடியில் போய்விட்டது. இருபது பேரில் ஒன்பது பேர் திரும்பவில்லை. ஊத வேண்டிய சங்கை ஊதாதவர்கள் ஒன்பது வீடுகளில் சங்கு ஊத வைத்தார்கள். இதில் விதி எங்கே ஐயா வந்தது? ஹாட்ச் மூடாமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது என்ற விதியே இந்த விபத்துக்குப் பிறகுதான் வந்தது. கட்டுரையாளர் அந்த விதியைச் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

1978இல் நான் வேலை பார்த்த கப்பலில் ஹாட்சுக்கு மரப்பலகை அடுக்கி, தார்ப்பாய் விரித்து, ஓரமெல்லாம் ஆப்பு அடிக்க வேண்டும். "கடல் குளம் மாதிரி இருக்கிறது, வெளியே போய் அடித்துக்கொள்ளலாம்" என்றார் மேலதிகாரி. நாங்கள் மூன்று பேர் கேட்கவில்லை. கடைசி ஆப்பை அடித்தபோது மழையில் சுத்தியல் கையில் வழுக்கியது. அரை மணி நேரத்தில் மேல்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. சொன்ன பேச்சு கேளாதவன் என்ற பெயர் கிடைத்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை, வில்சன் 'வேல்பேக்', அதாவது திமிங்கில முதுகு வகை. 308 அடி நீளம், சுருட்டு போல உருண்ட உடல், பன்றி மூக்கு போன்ற முன்புறம். நீங்கள் போட்ட படத்திலோ கூர்மூக்குக் கப்பல் ஒன்று கம்பீரமாக நிற்கிறது! சமையல்காரர், கரி அள்ளிப் போடுபவர் எல்லாரும் உங்களுக்கு 'மாலுமி'தான். இதைப் பற்றி முன்பே இரண்டு கடிதம் எழுதினேன். இடப்பற்றாக்குறை என்று பதில் வந்தது. அந்த மாதம் கடிதப் பக்கத்தில் பாதி ராசிக்கல் விளம்பரம்.

அந்த வகையில் எஞ்சிய ஒரே கப்பலான மீட்டியர் இன்றும் சுப்பீரியர் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அடுத்த இதழில் அதன் படத்தையாவது போடுங்கள், சிறியதாக இருந்தாலும் போதும்.

அடுத்த ஆண்டுச் சந்தாவை மணியார்டரில் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளி,
தூத்துக்குடி