சங்கத்தில் சேரலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. வீட்டில் அவளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தூசி வரை அவளுக்குத் தெரிகிறது, அதனால் எனக்குத்தான் வேலை கூடிவிட்டது. மகன் மறுபடியும் கம்பெனி மாறியிருக்கிறான். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறான். சரி, வீட்டுக் கதை போதும்.

உன் அலுவலகத்தில் மறுபடியும் ஆட்குறைப்பு நடந்ததையும், அதற்குப் பிறகு சின்னப் பையன்களும் பெண்களுமாகச் சேர்ந்து தொழிற்சங்கம் தொடங்கக் கையெழுத்து வாங்குவதையும் எழுதியிருந்தாய். 'கைநிறையச் சம்பளம் வாங்குகிற நமக்கு இதெல்லாம் தேவையா? முதலாளித்துவத்தில் பிழைத்துக்கொண்டே சங்கம் வைப்பது முரண்பாடு இல்லையா?' என்றும் கேட்டிருந்தாய்.

இதைப் போய் என்னிடம் கேட்கிறாயே! நான் வேலை பார்த்த காலமெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். பர்சனல் டிபார்ட்மென்ட்காரன், இப்போது மனிதவளத் துறை என்கிறார்களே, அதுதான். சங்கத்தோடு பேச்சுவார்த்தை என்றால் நிர்வாகத்துக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனவன். அங்கே உட்கார்ந்து பார்த்ததனால்தான் சொல்கிறேன், சேர்ந்துவிடு.

வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். உன் அப்ரைசலில் மேலாளர் உன்னை எதிரே உட்கார வைத்து, இந்த ஆண்டு என்ன சாதித்தாய், என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்கிறார் அல்லவா? அதற்கு வெகு நாள் முன்பே மொத்த இன்க்ரிமென்ட்டுக்கு எவ்வளவு என்பது முடிவாகியிருக்கும். நிதித்துறை ஒரு சதவீதத்தைச் சொல்லும், மேலிடம் அதில் கொஞ்சம் வெட்டும், மிச்சத்தைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். உன் மேலாளருக்கு வருவது ஒரு தொகை. உனக்கு அதிகம் கொடுக்க வேண்டுமென்றால் உன் பக்கத்து இருக்கைக்காரனிடமிருந்துதான் எடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு முதல் தர மதிப்பீடு போடலாம் என்பதற்கும் பெல் கர்வ் என்று ஒரு கணக்கு உண்டு. நீ எவ்வளவு திறமையாகப் பேசினாலும் அந்தத் தொகை ஒரு காசு கூடாது. நீங்கள் எல்லோரும் தனித்தனியாகப் போய் நடத்துகிற பேரமெல்லாம் கடைசியில் உங்களுக்குள்ளேயே நடக்கிற பங்குச் சண்டைதான். அந்த மொத்தத் தொகையைப் பற்றிப் பேச யாராவது வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தது சங்கம் இருந்த பிரிவுகளில் மட்டும்தான். அந்தப் பிரிவுகளுக்குப் போகும்போது எங்கள் அதிகாரிகள் கணக்கை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டு போவார்கள். மற்ற இடங்களுக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை.

'முதலாளித்துவத்தில் சங்கமா' என்ற உன் சந்தேகத்துக்கு வருகிறேன். பெரிய நிறுவனம் என்றால் என்ன? ஆயிரக்கணக்கான பேர் தங்கள் பணத்தை ஒன்றாகப் போட்டு, நஷ்டம் வந்தால் போட்ட பணத்தோடு எங்கள் பொறுப்பு தீர்ந்தது என்று சட்டத்திடம் சலுகை வாங்கிக்கொண்டு, தங்கள் சார்பில் பேச ஒரு நிர்வாகத்தை அமர்த்திக்கொள்கிற ஏற்பாடு. பணம் போட்டவர்கள் சேர்ந்து வைத்த சங்கம் அது. யாரும் அதை முரண்பாடு என்று சொல்வதில்லை. உழைப்பைப் போடுகிறவர்கள் அதையே செய்தால் மட்டும் சந்தை கெட்டுவிடும் என்கிறார்கள். சுதந்திரச் சந்தைக்கே தந்தை என்று சொல்லப்படுகிற ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார்: கூலியை உயர்த்தக் கூடாது என்பதில் முதலாளிகள் எப்போதும், எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் கூட்டுச் சேர்ந்துதான் இருக்கிறார்கள் என்று.

பழங்கதை என்று நினைக்காதே. உன் தொழிலிலேயே நடந்திருக்கிறது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்ற நிறுவனங்கள், ஒருவர் ஊழியரை இன்னொருவர் கூப்பிட்டு வேலை கொடுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. 2010-ல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் அதைப் பிடித்தது. அப்புறம் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில் இந்த நான்கும் 2015-ல் 41.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. அந்தப் பொறியாளர்கள் எல்லாம் உன்னைப் போலவே, 'என் திறமைக்கு என்ன விலை என்று சந்தை சொல்லும்' என்று நம்பியிருந்தவர்கள்தான். சந்தை வாயைத் திறக்கவிடாமல் மேலே நாலு பேர் பேசி முடித்திருக்கிறார்கள்.

திறமைசாலிக்குச் சங்கம் எதற்கு, சராசரி ஆட்களோடு சேர்த்து அவனையும் கீழே இழுத்துவிடுமே என்று எழுதியிருந்தாய். இதற்கு எனக்குப் பிடித்த பதில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்கள். அதைவிடத் தனித்திறமை சார்ந்த தொழில் எது? அங்கே 1970-களின் நடுப்பகுதி வரைக்கும் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அதே அணிக்குத்தான் சொந்தம், அவனாக வேறு அணிக்குப் போக முடியாது. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்த மார்வின் மில்லர் 1966-ல் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1968-ல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் ஆறாயிரம் டாலரிலிருந்து பத்தாயிரம் ஆனது. 1975-ல் ஒரு நடுவர் தீர்ப்பு அந்தப் பழைய விதியை உடைத்தது. இன்று அந்த ஆட்டக்காரர்கள் கோடிகளில் ஒப்பந்தம் போடுகிறார்களே, அதையும் அவரவர் தனியாகப் பேசித்தான் போடுகிறார்கள். சங்கம் தரையைப் போட்டுக் கொடுத்தது, கூரையைப் போடவில்லை. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்களும் அப்படித்தான். 2023-ல் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரைக்கும் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவை வைத்துத் தங்களை ஓரங்கட்டாமல் இருக்க ஒப்பந்தத்திலேயே விதிகள் எழுத வைத்தார்கள். உங்கள் துறையில் அதே பயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச மேசைதான் இல்லை.

இப்போது ஆட்குறைப்பு. உன் பையன்களிடம் யாராவது, சங்கம் வந்தால் ஒருவரையும் நீக்க முடியாது என்று சொல்லியிருந்தால் அது பொய். ஆர்டர் இல்லாமல் போனால், பொருள் விற்காமல் போனால், எந்தச் சங்கமும் வேலையை உண்டாக்கித் தராது. ஆனால் யாரை, எந்த வரிசையில், எத்தனை நாள் முன்னறிவிப்போடு, எவ்வளவு இழப்பீடு கொடுத்து அனுப்புவது என்பதெல்லாம் பேசக்கூடிய விஷயங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஏன் நான்?' என்று கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வரும். காலையில் லாகின் ஆகவில்லை என்பதை வைத்து வேலை போனதைத் தெரிந்துகொள்கிற கொடுமை நின்றுபோகும். சம்பள உயர்வைவிட இதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். எங்கள் துறையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டிய இடத்தில் நீக்கப் பட்டியல் தானாகவே சுருங்கும். மேலாளருக்குப் பிடிக்காதவன் என்பதை எந்தத் தாளிலும் எழுத முடியாது பார்.

ஜெர்மனியில் இதை இன்னும் மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. வாக்கு சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு, அவர் பங்குதாரர் தரப்பு ஆள், அதனால் முழுச் சமம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் முடிவு எடுக்கும் அறைக்குள்ளே உட்காருகிறார்கள். ஜெர்மனித் தொழில்துறை அதனால் அழிந்துபோய்விடவில்லை.

கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. போவார்கள். போவோம் என்று மிரட்டுவது அதைவிட அதிகம் நடக்கும், அந்த மிரட்டல் கடிதங்கள் எப்படித் தயாராகும் என்பதெல்லாம் நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். இன்னொரு பக்கம், சங்கம் வந்துவிட்டாலே வெற்றி என்றும் நினைத்துவிடாதே. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்கு ஊழியர்கள் 2022 ஏப்ரலில் 2,654-க்கு 2,131 என்ற வாக்குக் கணக்கில் சங்கம் வேண்டும் என்று ஜெயித்தார்கள். உலகமே கொண்டாடியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூடக் கையெழுத்தாகவில்லை. இழுத்தடிப்பது ஒரு கலை, நானும் அதில் தேர்ச்சி பெற்றவன்தான்.

சட்டமும் எந்தக் காலத்திலும் நடுவில் நின்றதில்லை. இங்கிலாந்தில் 1799-லிருந்து 1824 வரை கூலிக்காகக் கூட்டுச் சேர்வதே குற்றம். சென்னையில் 1918-ல் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியா தொடங்கிய சங்கத்தின் தலைவர்கள் மேல் ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டு, நீதிமன்றமும் தடை விதித்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1981-ல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதிபர் ரீகன் ஒரேயடியாக நீக்கினார். 1950-களில் அங்கே மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2023-ல் பத்தில் ஒருவர், தனியார் துறையை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஆறு பேர். இதற்கு அந்த ஒரு நாள் மட்டும் காரணம் இல்லை, ஆலைகள் மூடியது, வேலைகளின் தன்மை மாறியது எல்லாமே உண்டு. ஆனாலும் அரசாங்கமே துணிந்த பிறகு தனியார் முதலாளிக்கு என்ன தயக்கம்?

சங்கத்தின் குறைகளை நான் மறைக்கப் போவதில்லை. அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இரண்டு பேர் சங்கப் பணத்தைக் கையாடிய வழக்கில் சிறைக்குப் போனார்கள். இத்தனைக்கும் 1936 கடைசியில் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து, கருங்காலிகளை உள்ளே கொண்டுவர முடியாதபடி செய்து, நாற்பத்துச் சொச்ச நாளில் நிர்வாகத்தைப் பணியவைத்த சங்கம் அது. பல வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள் கறுப்பர்களைச் சேர்க்கவே இல்லை. ரயில்களில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் 1925-ல் தனிச் சங்கம் கட்டி, பன்னிரண்டு ஆண்டு போராடித்தான் தங்களை வேலைக்கு வைத்திருந்த புல்மன் கம்பெனியிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள். எனக்கு உண்மையான பயம் இந்த இரண்டாவது வகைதான். திருடனைத் தணிக்கையில் பிடித்துவிடலாம். 'நாம் உள்ளே, அவர்கள் வெளியே' என்று கோடு போட்ட சங்கத்தை யார் பிடிப்பது? உன் கட்டடத்தில் அதே வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்கிற ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களை விட்டுவிட்டு நிரந்தர ஊழியர் மட்டும் சங்கம் வைத்தால், நிர்வாகத்துக்கு அதைவிட வசதி வேறு இல்லை. அடுத்த ஆட்குறைப்பு உங்களுக்கு, அந்த இடத்துக்கு அவர்கள்.

அப்புறம், சங்கம் முதலாளித்துவத்தைக் கவிழ்க்குமா, முட்டுக்கொடுக்குமா என்ற பழைய சண்டை. நாம் விடுதி மொட்டை மாடியில் விடிய விடியப் போட்ட சண்டை! 1865-லேயே மார்க்ஸ் சொன்னார், சங்கங்கள் மூலதனத்தை எதிர்த்து நிற்கும் மையங்களாக நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் விளைவுகளோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டு கூலி முறையையே விட்டுவிடுகின்றன என்று. ஒரு பக்கம் முதலாளி, சங்கம் என் தொழிலை அழிக்கிறது என்கிறார். மறுபக்கம் புரட்சிக்காரர், அதே தொழிலைச் சங்கம்தான் காப்பாற்றுகிறது என்கிறார். எனக்கு இரண்டாமவர் சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் அருகில் இருப்பதாகப் படுகிறது. ஆனால் அதை ஒரு குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அமைப்பு மாறும் வரைக்கும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

சரி, காரியத்துக்கு வருவோம். நீ டீம் லீடர் என்பதால் சங்கத்தில் சேர உனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் முதலில் கேள். பல நாடுகளில் ஆள் எடுக்க, நீக்க அதிகாரம் உள்ளவரை நிர்வாகத்தின் ஆளாகத்தான் பார்ப்பார்கள். உனக்கு அந்த அதிகாரம் பெயரளவில் மட்டும் இருந்தால் வாதாட இடம் உண்டு. இது பற்றி எதையும் அலுவலக மடிக்கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ பேசாதே. அந்தக் கடிதங்களை யார் படிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிர்வாகம் திடீரென்று கனிவாகி, குறை கேட்கக் குழு அமைத்து, உன்னையே அதற்கு உறுப்பினராகப் போடலாம். போ, பேசு, ஆனால் கையெழுத்தைத் திரும்ப வாங்காதே.

அந்தப் பையன்கள் எழுதியிருக்கும் சங்க விதிமுறையின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. தேர்தல் ரகசிய வாக்கெடுப்பா, கணக்கை யார் தணிக்கை செய்வது, தலைவர் எத்தனை ஆண்டு இருக்கலாம், ஒப்பந்த ஊழியருக்கு வாக்கு உண்டா என்ற நான்கையும் நான் பார்த்துச் சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறேன். எதிராளி எங்கே ஓட்டை தேடுவான் என்று எனக்குத் தெரியும் என்பதால் ஓசியில் ஓர் ஆலோசகர் கிடைத்ததாக வைத்துக்கொள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி