டிக்கியின் லிட்டர் கணக்கும் மாடல் காரின் மூடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகன இணைப்பிதழில் அண்மையில் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய கட்டுரையையும், அதே பக்கத்தின் அடியில், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் கார் கிட்களை விருப்பம்போல் மாற்றியமைப்பது குறித்து வந்த பெட்டிச் செய்தியையும் சேர்த்தே படித்தேன். எஞ்சின் திறனுக்கும் வேகத்துக்கும் விலைக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், டிக்கியைப் பற்றி மட்டும் ‘பெயருக்கு ஒன்று உண்டு’ என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார். பெட்டிச் செய்தியோ, டிக்கி மூடியை வெட்டித் திறந்துவைத்தால் எந்த மாடலும் எடுப்பாகிவிடும் என்று ஆசை காட்டுகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினும் பெட்ரோல் டேங்க்கும் மடங்கும் கூரையும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற இடம்தான் டிக்கி. அது எங்கே, எந்த வடிவத்தில் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தாலே, அந்தக் காரை வடிவமைத்தவர்கள் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது விளங்கிவிடும். காரை வாங்குகிறவருக்கும் சரி, கிட்டை வாங்கி அறுக்கப்போகிறவருக்கும் சரி, அந்தப் பார்வை வேண்டும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்வோம். 1964 முதல் தயாரிப்பில் இருக்கும் இந்தக் காரில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருப்பதால், மற்ற கார்களில் பானெட் இருக்கும் இடத்தில் டிக்கி வந்தது. அந்த முன்பக்கமும் காலியாகக் கிடக்கவில்லை. தொடக்ககாலக் கார்களில் பெட்ரோல் டேங்க்கும் ஸ்டெப்னியும் அங்கேதான் இருந்தன; 1969-ஆம் ஆண்டு மாடலிலிருந்து சில ஆண்டுகள், முன்பக்கத்துக்குச் சற்று எடை கூடட்டும் என்று மூலைக்கு ஒன்றாக இரண்டு பேட்டரிகளையும் வைத்தார்கள். பெரிய ஸ்டெப்னி போய், காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கும் சிறு டயர் வந்து, அதுவும் போய், பஞ்சரை அடைக்கும் திரவமும் ஒரு கம்ப்ரசரும் போதும் என்றான பிறகே அந்தக் குழியில் பெட்டி வைக்கத் தாராளமான இடம் கிடைத்தது. இப்போதைய தலைமுறையில் முன் டிக்கியின் கொள்ளளவு 132 லிட்டர். ஆனால் பின்னிருக்கைகளின் முதுகை மடித்துவிட்டால், அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் காருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. வளர்ந்தவர்கள் கால் நீட்டி உட்கார முடியாத அந்த இருக்கைகளின் உண்மையான பயன் சாமான் வைப்பதுதான் என்பது 911 ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கட்டுரையில் அது சொல்லப்படவில்லை.

லிட்டர் கணக்கு என்பதும் அப்படியே நம்பிவிடக்கூடியதன்று. ஐரோப்பிய நிறுவனங்கள் பின்பற்றும் வி.டி.ஏ. (ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம்) முறையில், 200 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட, சரியாக ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி, எத்தனை கட்டைகள் கொள்கின்றனவோ அத்தனை லிட்டர் என்று அறிவிக்கிறார்கள். அமெரிக்காவிலோ வெவ்வேறு அளவுப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்துக் கன அடியில் சொல்கிறார்கள். சக்கர வளைவின் ஓரத்திலும் மூலைமுடுக்கிலும் சிறு கட்டைகள் புகுந்துகொள்ளும். நம் சூட்கேஸ் புகாது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் டிக்கியும் ஏறத்தாழ 130 லிட்டர்தான், அதாவது 911-இன் முன் டிக்கிக்குச் சமம். எனினும் ஒன்று பின்னால் அகன்று கிடக்கும் குழி, மற்றது முன்னால் இறங்கும் ஆழமான தொட்டி. ஒன்றில் சிரமமில்லாமல் இறங்கும் பெட்டி மற்றதில் மூடியை மூட விடாது. கூரை திறக்கும் கார்களில் இன்னொரு கேள்வியும் உண்டு. எம்.எக்ஸ்-5-இன் துணிக்கூரை இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள தனிப் பள்ளத்தில் மடங்கி உட்காருவதால் டிக்கியில் கை வைப்பதில்லை. 1996-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே.யின் உலோகக் கூரையோ டிக்கிக்குள்ளேயே மடங்குவதால், கூரையைத் திறந்த மாத்திரத்தில் சாமானுக்கான இடம் பாதிக்கும் கீழே போய்விடும். சி.என்.ஜி. சிலிண்டர் பொருத்திய வாடகைக் காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் புதிதாக இராது.

எஞ்சினை நடுவில் வைத்த கார்களில் சிக்கல் இன்னும் சுவையானது. 1966-இல் வந்த லம்போர்கினி மியூராவில், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக வைத்தார்கள். முன்பக்கத்தை ரேடியேட்டரும் ஸ்டெப்னியும் பெட்ரோல் டேங்க்கும் பிடித்துக்கொண்டன. எஞ்சினுக்கும் பின்னால், காரின் வால்பகுதியில் சிறு பெட்டிபோல் ஒரு டிக்கி மிஞ்சியது. எஞ்சினுக்கு அடுத்த அறை என்பதால் இவ்வகை டிக்கிகளில் சூடு ஏறும். உணவுப் பொருளையோ மருந்தையோ வைத்துவிட்டு நீண்ட தூரம் ஓட்டக்கூடாது. கார்டன் மரே வடிவமைத்த மெக்லாரன் எஃப்1 வேறு வழி கண்டது. ஓட்டுநரை நடுவில் உட்கார வைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னால் உடலின் இரு பக்கவாட்டிலும் சாமான் அறைகளை ஒளித்து, அவற்றின் வளைவுக்கேற்பத் தைத்த பெட்டிகளையும் காருடன் கொடுத்தார்கள். ஃபெராரி கார்களுக்கு மோடெனாவின் ஸ்கெடோனி நிறுவனம் அளவெடுத்துத் தோல்பெட்டி செய்துதருவதும் இதே காரணத்தால்தான். அதை வெறும் பணக்கார மிடுக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2020 மாடலில் எஞ்சினை முதன்முறையாக நடுவுக்கு மாற்றிய செவர்லே கார்வெட், முன்னும் பின்னுமாகச் சேர்த்து 12.6 கன அடி இடம் தருகிறது. பின் டிக்கியில் இரண்டு கோல்ஃப் பைகள் கொள்ளும். கழற்றிய கூரைப் பலகையும் அதே டிக்கியில்தான் வைக்கப்பட வேண்டும் என்பதால், கூரையைக் கழற்றினால் கோல்ஃபை மறந்துவிட வேண்டியதுதான்.

கார்வெட்டின் பெயரை எடுத்த பிறகு, பெட்டிச் செய்தியுடன் வெளியான படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின் கண்ணாடி நடுவில் பிரிந்த 1963 கார்வெட் கூபேயின் மாடல் ஒன்றில் டிக்கி மூடி திறந்திருப்பதாகக் காட்டி, ‘அசலைப் போலவே’ என்று கீழே எழுதியிருந்தார்கள். அசல் 1963 கார்வெட்டில் வெளியிலிருந்து திறக்கும் டிக்கி மூடியே கிடையாது. இருக்கையின் முதுகை முன்னால் சாய்த்து, கதவு வழியாகப் பெட்டியை உள்ளே தள்ளி, இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள சரிவில் வைக்க வேண்டும். ஸ்டெப்னி காரின் அடிவயிற்றில் தனியொரு கூட்டில் தொங்கும். 1982-இன் சிறப்புப் பதிப்பில்தான் பின் கண்ணாடி முழுவதும் திறந்தது. தனி டிக்கி மூடி 1962-க்குப் பிறகு 1998-இன் கன்வெர்டிபிளில்தான் (கூரை மடங்கும் வகை) மீண்டும் வந்தது. வாலின் ஒழுங்கான கோடு கெடக்கூடாது என்பதற்காக உரிமையாளரை இத்தனை ஆண்டுகள் கதவு வழியே பெட்டி ஏற்ற வைத்தார்கள்! மாடலில் அந்த இடத்தில் மூடி வெட்டுவது தவறு என்று சொல்லமாட்டேன். அது கற்பனை மாற்றம், வெட்டியவரின் உரிமை. ‘அசலைப் போலவே’ என்ற சொல்தான் உறுத்துகிறது.

கிட்டை மாற்றியமைப்பதற்கு நீண்ட மரபு உண்டு. அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இல், ஒரே பெட்டிக்குள் அசல், கஸ்டம், ரேஸ் என்று மூன்று விதமாகவும் கட்டக்கூடிய கிட்களை 1/25 அளவில், அதாவது அசலின் நீளத்தில் 25-இல் ஒரு பங்காக, கொண்டுவந்தது. அந்தக் கஸ்டம் பாணியின் முதல் பாடமே டிக்கியில்தான் தொடங்கியது: மூடியிலுள்ள கைப்பிடியையும் சின்னத்தையும் நீக்கி, துளைகளை அடைத்து, வழவழப்பாக்குவது. கலிபோர்னியாவில் தரையை ஒட்டித் தாழ்த்தி ஓட்டும் லோரைடர் கார்களில், உடலை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்புகளும் பேட்டரிகளும் டிக்கியில் அடுக்கப்படுவதால், அவற்றின் கிட்களில் டிக்கி பார்வைப் பொருளாகவே ஆகிவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் கிட்கள் அந்த வழியில் போகவில்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் 911-இன் பந்தய வடிவமான போர்ஷே 934-ஐ 1/12 அளவில் வெளியிடுவதற்காக, அசல் 911 ஒன்றை விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்த வரலாறு கிட் கட்டுவோரிடையே பெயர் பெற்றது. அத்தகைய நிறுவனத்தின் 1/24 கிட்களிலும் பலவற்றில் டிக்கி மூடி, உடலோடு சேர்ந்து வார்க்கப்பட்ட வெறும் கோடாகவே இருக்கிறது. விலையும் உடலின் உறுதியும் கருதிச் செய்வது அது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கோட்டை அறுக்க முனைகிறவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட வேண்டும். 1/24 அளவில் கன அளவு 13,824-இல் ஒரு பங்காகச் சுருங்கும்; 911-இன் 132 லிட்டர், மாடலில் பத்து மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவு. அசல் காரின் தகடு முக்கால் மில்லிமீட்டர் தடிமன் என்றால், மாடலில் அது 0.03 மி.மீ. ஆக வேண்டும். கிட்டின் பிளாஸ்டிக்கோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 24 மி.மீ. தடித்த தகட்டுக்குச் சமம். மூடியை வெட்டித் தூக்கியதும் கண்ணில் படுவது இந்தத் தடிப்புத்தான். ஆகவே விளிம்பின் உட்புறத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, வெளியே தெரியும் ஓரத்தை மட்டுமாவது காகிதம்போல் மெலிதாக்க வேண்டும். வெட்டும்போதும் அவசரம் ஆகாது. கத்தியின் முதுகுப்புறத்தால் கோட்டின் மேல் அழுத்தாமல் திரும்பத் திரும்ப இழுத்தால், பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்து, கடைசியில் உட்பக்கம் வெளிறிய கோடு தெரியும். அப்போது மூலைகளிலிருந்து மெல்லப் பிரிக்கலாம். பெயிண்ட்டுக்கு முன்பே மூடியை வைத்துப் பார்த்து இடைவெளி விட வேண்டும். பிரைமரும் நிறமும் வார்னிஷும் சேர்ந்து இரு பக்கமும் ஏறிவிட்டால், நேற்றுவரை தளர்வாக இருந்த மூடி இன்று இறுகிக்கொள்ளும்; திறக்க முயலும்போது ஓரத்துப் பெயிண்ட் பெயர்ந்து வரும்.

கீல் அமைப்பதில்தான் அசல் காரை அறிந்தவர், அறியாதவர் என்ற வேறுபாடு தெரிகிறது. 911-இன் முன் மூடி கண்ணாடிப் பக்கம் கீல் கொண்டு, மூக்குப் பக்கம் தூக்கும். சாதாரண செடானின் மூடியைத் தாங்குவது வாத்துக்கழுத்துபோல் வளைந்த கம்பி. அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை அப்படி வளைத்து, உடலின் உட்புறம் ஒட்டிய பிளாஸ்டிக் குழாயில் செருகினால், மூடி முதலில் வெளியே நகர்ந்து பிறகு மேலே எழும். விளிம்பு உடலில் உரசாது. உள்ளே கார்ப்பெட்டுக்குத் தூவும் பொடி இழையும் அளவோடு வேண்டும். அரை மில்லிமீட்டர் இழை, அசலில் 12 மி.மீ. உயரக் கம்பளமாகிவிடும், ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கியில் அத்தகைய விரிப்பைப் பொதுவாகப் போடுவதில்லை. பலரும் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே ஒரு தட்டையான கறுப்புப் பலகையோடு நிறுத்திவிடுகிறார்கள். சக்கர வளைவும் டேங்க்கின் மேடும் இல்லாத அந்தக் குழி, அசலைவிடப் பெரிதாகிவிடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வி.டி.ஏ. கட்டையை 1/24 அளவுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 8.3 × 4.2 × 2.1 மி.மீ. வரும். இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைக் கீறி ஒடித்தால் ஒரு மாலைப்பொழுதில் வேண்டிய அளவு கட்டைகள் கிடைத்துவிடும். மாடலின் டிக்கியில் அவற்றை அடுக்கி, நிறுவனம் சொல்லும் லிட்டரை ஒட்டி எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்கலாம். ஷீட் சற்று மெலிதாக இருப்பதால் சில கட்டைகள் கூடுதலாகக் கொள்ளும். இரண்டு மடங்கு கொண்டால், டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி வைத்திருக்கிறோம் என்று பொருள். என் மேசையில் எம்.எக்ஸ்-5 மாடல் ஒன்று இப்போது அந்நிலையில்தான், மூடி ஒட்டாமல், கட்டைகளோடு நிற்கிறது.

இனி வரும் கார் மதிப்புரைகளில், டிக்கி எத்தனை லிட்டர் என்பதோடு, அது எந்த முறையில் அளந்தது, திறப்பின் அகலம் எவ்வளவு, கூரை திறந்த நிலையில் எவ்வளவு மிஞ்சும், ஸ்டெப்னி உண்டா, எஞ்சினுக்கு அருகில் சூடு ஏறுமா என்பவற்றையும் இரண்டு வரிகளில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விமானக் கேபினுக்குள் எடுத்துச் செல்லும் அளவுள்ள பெட்டி ஒன்றை ஒவ்வொரு காரிலும் வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. கிட் பற்றிய பெட்டிச் செய்தி தொடருமானால், வெட்டச் சொல்லுவதற்கு முன் அசல் காரின் டிக்கி திறந்த படத்தையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள். 1963 கார்வெட்டின் படக்குறிப்புக்கு ஒரு திருத்தமும் தேவை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.